கணினி முடிவெடுத்தது என்றால், அந்தக் கணினியின் வீட்டு விலாசம் என்ன?



குருநகர், பாசையூர், சோனகதெரு, நாவாந்துறை உறவுகள் எல்லோருக்கும் எங்கள் அன்பு. பதிவு நீளம். ஆறுதலாக வாசியுங்கள். உடன்பாடில்லை என்றால் கீழே எழுதுங்கள். திட்டாமல் எழுதுங்கள், எங்கள் மாணவர்களும் வாசிக்கிறார்கள்.

இப்போது எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் மேடைக்குப் பின்னால் ஒரே மாதிரியான வாசகம்தான் தொங்குகிறது: "செயற்கை நுண்ணறிவைப் பொறுப்புடன் பயன்படுத்துவோம்." வங்கிக்காரரும் சொல்கிறார், அமைச்சரும் சொல்கிறார், ரியூட்டரி முதலாளியும் சொல்கிறார். நல்ல வாசகம்தான். ஆனால் பிள்ளைகளுக்கு எழுவாய், பயனிலை படிப்பிக்கிற எங்களுக்கு அதில் ஒரு குறை தெரிகிறது. எழுவாய் மறைந்து நிற்கிறது. செயப்படுபொருளும் அரைகுறை. யார் பயன்படுத்துவது? யார்மீது பயன்படுத்துவது?

"பயன்படுத்துவோம்" என்றால் அதற்குள் ஒளிந்திருக்கும் எழுவாய் "நாம்". அதாவது பொறுப்பு முழுவதும் நம் தலையில். பிள்ளை சாட்ஜிபிடியில் கட்டுரை எழுதினால் பிள்ளை பொறுப்பற்றவன். தாய் போலி வீடியோவை நம்பினால் தாய் விபரமில்லாதவள். ஆனால் அந்த இயந்திரத்தைச் செய்து விற்கிறவன்? அதை வாங்கி நம் விண்ணப்பத்தைத் தள்ளிவிட வைத்திருக்கிற அலுவலகம்? அதை வைத்து நம் வெறுப்பையும் பயத்தையும் காசாக்குகிற கம்பனி? இவர்களெல்லாம் மேடையில் உட்கார்ந்து நமக்குப் பொறுப்பைப் பற்றி வகுப்பெடுக்கிறார்கள்.

எங்கள் நிலைப்பாடு இதுதான்: குருநகர் ஜெற்றியில் மீன் விற்கிற குடும்பமும், ஐந்து சந்தியில் கடை வைத்திருக்கிற குடும்பமும் இந்த இயந்திரத்தைப் பயன்படுத்துகிறவர்கள் மட்டுமல்ல. அதைவிட அதிகமாக, இந்த இயந்திரம் யார்மீது பயன்படுத்தப்படுகிறதோ, அந்த ஆட்கள். ஆகவே பொறுப்பைப் பற்றிய பேச்சை நாம் அந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

*

முதலில் ஒரு பொய்யை உடைப்போம். "செயற்கை நுண்ணறிவு இப்போதுதான் வருகிறது, ஆபத்து இனிமேல்தான்" என்கிறார்கள். இல்லை. இந்த நாட்டு முஸ்லிம்களுக்கு அது 2018 இலேயே வந்துவிட்டது. அதற்கு விலையும் கொடுத்தாகிவிட்டது.

2018 பெப்ரவரி கடைசி. அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. கறிக்குள் ஏதோ ஒரு கட்டி கிடந்ததாம். அது கருத்தடை மாத்திரை என்றார்கள். கடைக்காரருக்குச் சரியாகப் புரியாத மொழியில் கேள்வி கேட்டு, அவர் தலையாட்டியதை வீடியோ எடுத்துப் போட்டார்கள். கடை உடைந்தது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பிறகு அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்துச் சொன்னது என்ன? அது வெறும் மாக் கட்டி. ஆனால் அந்தச் செய்திக்குக் கால் முளைக்கவில்லை. பொய்க்குத்தான் முளைத்தது.

ஒரு கிழமைக்குள் கண்டி மாவட்டத்தில் திகன, தெல்தெனிய எரிந்தன. வீதித் தகராறில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி மார்ச் 3 ஆம் திகதி இறந்தார். அது ஒரு குற்றம். குற்றவாளிகளுக்குச் சட்டம் இருந்தது. ஆனால் ஒரு குற்றத்தை ஒரு சமூகத்தின்மீதே ஏற்றுவதற்கு முகநூல் இருந்தது. வீடுகள், கடைகள், பள்ளிவாசல்கள் எரிந்தன, உயிர்கள் போயின. மார்ச் 6 இல் அவசரகால நிலை பிரகடனம். அடுத்த நாள் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் அரசு முடக்கியது. யாழ்ப்பாணத்திலும் அன்று போன் வேலை செய்யாமல் தவித்தோமே, அதற்குக் காரணம் இதுதான்.

இதில் செயற்கை நுண்ணறிவு எங்கே என்று கேட்பீர்கள். சொல்கிறோம். உங்கள் முகநூல் பக்கத்தில் எந்தப் பதிவு மேலே வர வேண்டும், எது கீழே போக வேண்டும் என்று தீர்மானிப்பது ஒரு மனிதன் அல்ல. கற்றுக்கொள்ளும் ஓர் இயந்திரம். அதற்குக் கொடுத்த கட்டளை "உண்மையை மேலே கொண்டுவா" என்பதல்ல. "ஆட்கள் எதை அதிகம் பகிர்வார்கள், எதற்கு அதிகம் பதில் எழுதுவார்கள் என்று கணித்து அதை மேலே கொண்டுவா" என்பதுதான். 2018 ஜனவரியில்தான் அந்தத் திசையில் இன்னும் ஒரு படி போவதாக அந்தக் கம்பனி அறிவித்தது. மனிதன் எதை அதிகம் பகிர்கிறான்? கோபத்தை. பயத்தை. "உன் இனம் அழியப் போகிறது" என்பதை. இயந்திரத்துக்கு நம்மேல் வெறுப்பு இல்லை. ஆனால் வெறுப்பு நன்றாக விலைபோகிறது என்பதை அது கற்றுக்கொண்டது. முதலாளி தடுக்கவில்லை.

ஒரு குழந்தையைக்கூட மிச்சம் விடாமல் முஸ்லிம்களைக் கொல்ல வேண்டும் என்ற பொருளில் சிங்களத்தில் எழுதப்பட்ட ஒரு பதிவைப் பற்றி முறைப்பாடு போனது. அது எங்கள் விதிகளுக்கு முரணானதல்ல என்று பதில் வந்தது. சிங்களம் தெரிந்த ஆட்கள் போதாது. தமிழ் தெரிந்தவர்களும் போதாது. இந்த நாட்டில் விளம்பரம் விற்பதற்கு மொழி தடையாக இருக்கவில்லை. காப்பாற்றுவதற்கு மட்டும் மொழி தடையாக இருந்தது.

அப்போதைய ஜனாதிபதியின் ஆலோசகர் ஒருவர் வெளிநாட்டுப் பத்திரிகைக்கு ஒரு வார்த்தை சொன்னார்: கிருமி எங்களுடையதுதான், ஆனால் காற்று பேஸ்புக். அரைவாசி நேர்மையான பேச்சு. கிருமியை வளர்த்தவர்கள் யார் என்று அவர் சொல்லவில்லை. ஆனாலும் காற்றைப் பற்றிச் சொன்னது சரி.

2020 மே மாதம் அந்தக் கம்பனி மன்னிப்புக் கேட்டது. தாங்கள் நியமித்த ஆய்வாளர்களின் மனித உரிமை அறிக்கை வெளிவந்த பிறகு. சம்பவம் நடந்து இரண்டு வருடமும் இரண்டு மாதமும் கழித்து. கடை எரிந்தவருக்கு அந்த மன்னிப்பில் என்ன கிடைத்தது? ஒரு தகரமாவது கிடைத்ததா?

இதற்கிடையில் 2019 வந்தது. ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களில் நம் கத்தோலிக்கச் சகோதரர்களைக் கொன்ற பாவிகளின் பெயரால், எந்தச் சம்பந்தமும் இல்லாத மனிதர்கள் அடிவாங்கினார்கள். மே மாதம் சிலாபத்தில் ஒரு கடைக்காரர் முகநூலில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்பதுதான் அதன் பொருள். வீட்டில் உம்மா நமக்குச் சொல்கிற அதே வார்த்தை. அதை மிரட்டல் என்று எடுத்து ஊரே திரண்டது. அங்கே தொடங்கியது குருநாகல், கம்பஹா வரை போனது. ஒரு வரியின் பொருளை ஒரு மனிதன் பிழையாக விளங்கினாலே இவ்வளவு என்றால், நம் பேச்சுத் தமிழையும் அரபுத் தமிழையும் யாழ்ப்பாண வழக்கையும் அரைகுறையாகக் கற்ற இயந்திரம் "இது ஆபத்தான பதிவு", "இவர் ஆபத்தான ஆள்" என்று முத்திரை குத்தத் தொடங்கினால் என்ன ஆகும்?

அதே கிழமைகளில் நடந்த இன்னொன்றை நம்மில் பலர் மறந்துவிட்டோம். ஈஸ்டர் தாக்குதல் சந்தேகநபர்கள் என்று பொலிஸ் ஏப்ரல் 25 இல் படங்களை வெளியிட்டது. அதில் ஒரு படம் அமாரா மஜீத் என்ற பெண்பிள்ளையுடையது. இலங்கைப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்து, அங்கே பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவர். தலையில் ஹிஜாப் அணிந்தவர். வேறொரு பெண்ணின் பெயருக்கு இவருடைய முகம். கொலை மிரட்டல்கள் குவிந்தன. பொலிஸ் பிறகு மன்னிப்புக் கேட்டது. அவர் படித்தவர், ஆங்கிலம் தெரிந்தவர், உலகமே கேட்கும் இடத்திலிருந்து "அது நான் இல்லை" என்று சொல்ல முடிந்தது. அதே படம் சோனகதெருவில் தையல் தைத்துப் பிழைக்கிற ஒரு பிள்ளையுடையதாக இருந்திருந்தால்? இனி முகம் பார்த்து ஆள் பிடிக்கிற கமராக்கள் வரப்போகின்றன. ஒரு பிழைக்கே இவ்வளவு என்றால், நிமிடத்துக்கு ஆயிரம் முகம் பார்க்கிற இயந்திரம் விடுகிற பிழைக்கு யார் வந்து மன்னிப்புக் கேட்பார்?

*

இப்போது அரசாங்கத்தின் பக்கம் வருவோம். கத்தி, துப்பாக்கி இல்லாமல் வெறும் புள்ளியால் வயிற்றில் அடிப்பது எப்படி என்பதை அஸ்வெசும காட்டியது.

2023 ஜூலையில் சமுர்த்தியின் இடத்துக்கு அஸ்வெசும வந்தது. கல்வி, சுகாதாரம், வருமானம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று 22 அளவுகோல்கள். வீட்டுக்கு வந்து கேள்வி கேட்டார்கள், கணினியில் பதிந்தார்கள். கணினி புள்ளி போட்டது. நீ மிக வறியவன், நீ வறியவன், நீ வறியவனே அல்ல என்று பட்டியல் வந்தது. முதற் பட்டியல் ஒட்டப்பட்டதும் நாடு முழுக்க பிரதேச செயலகங்களுக்கு முன்னால் சனம் குவிந்தது. இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள். இது பெரிய செயற்கை நுண்ணறிவு ஒன்றும் அல்ல, சாதாரணப் புள்ளிக் கணக்கு. ஆனால் இயந்திரம் தீர்ப்புச் சொல்லும் நாடு எப்படி இருக்கும் என்பதற்கு அது ஒத்திகை.

குருநகரில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தொடர்மாடியில் இருக்கிறார்கள். சீமெந்துக் கட்டடம், கரண்ட் இருக்கிறது. கடலுக்குப் போகிற நாளில் பத்தாயிரம் வரும். காற்றடித்தால், எஞ்சின் பழுதானால், இந்திய இழுவைப் படகு வலையை அறுத்துக்கொண்டு போனால், மாதம் முழுக்க ஒரு சதமும் இல்லை. இந்த வீடு வறிய வீடா, இல்லையா? அந்தக் குடும்பத்தின் பக்கத்து வீட்டுக்காரி ஒரு நிமிடத்தில் பதில் சொல்வாள். எந்தப் படிவமும் சொல்லாது. ஏனென்றால் படிவம் தயாரித்தவருக்கு வாடைக்காற்று என்றால் என்னவென்று தெரியாது.

மேன்முறையீட்டுக்குப் போனவர்கள் பலர் கேட்ட பதில் என்ன? "நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது. கணினிதான் முடிவு செய்தது."

இந்த வசனத்தைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம். இந்தப் பதிவு முழுவதும் இந்த ஒரு வசனத்துக்கு எதிராகத்தான். கணினிதான் முடிவு செய்தது என்றால் அந்தக் கணினியின் பெயர் என்ன? வீட்டு விலாசம் என்ன? எந்தக் கதிரையில் இருக்கிறது? யார் அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்?

வெளியூரில் என்ன நடந்தது என்று பாருங்கள். நம் உறவுகள் வாழ்கிற நாடுகள்தான். நெதர்லாந்தில் பிள்ளை பராமரிப்பு உதவிப் பணத்தில் யார் மோசடி செய்யக்கூடும் என்று கணிக்க வரித் திணைக்களம் ஓர் இயந்திரத்தை வைத்தது. வெளிநாட்டுக் குடியுரிமை இருந்தால் அது சந்தேகத்தைக் கூட்டியது. ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கள்ளர் என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். வீடுகள் போயின, குடும்பங்கள் பிரிந்தன. 2021 ஜனவரியில் அரசாங்கமே பதவி விலகியது. அவுஸ்திரேலியாவில் உதவிப் பணம் பெறுகிறவர்கள்மீது தானியங்கி முறையில் கடன் சுமத்திய 'ரோபோடெட்' திட்டம் சட்டவிரோதம் என்று முடிந்தது. 2023 இல் அரச ஆணைக்குழு கடுமையாக அறிக்கையிட்டது. பிரித்தானியாவில் தபால் நிலையக் கணினி காசு குறைகிறது என்று சொன்னதை நம்பி, 900 பேருக்கு மேல் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். அவர்களில் நம் தெற்காசிய முகங்கள் பல. பிழை கணினியில். சிறை மனிதருக்கு.

இவை பணக்கார நாடுகள். நீதிமன்றம், பத்திரிகை எல்லாம் பலமாக உள்ள இடங்கள். அங்கேயே உண்மை வெளிவர வருடக்கணக்கானது.

இன்னும் கிட்ட வருவோம். இந்தியாவில் தெலுங்கானா மாநிலம் பல அரச பதிவேடுகளை ஒன்றாக இணைத்து யார் ஏழை, யார் இல்லை என்று பிரிக்க ஓர் இயந்திரத்தை வைத்தது. ஹைதராபாத்தில் ஒரு முஸ்லிம் விதவைப் பெண். கணவர் ரிக்ஷா ஓட்டியவர். அவர்களிடம் கார் இருக்கிறது என்று சொல்லி ரேஷன் அட்டையை வெட்டிவிட்டார்கள். கார் யாருடையது? கணவரின் பெயரை ஒத்த பெயருள்ள வேறொரு மனிதருடையது. இயந்திரம் இரண்டு பேரையும் ஒருவர் என்று எண்ணிவிட்டது. அந்த மாநிலத்தில் வெட்டப்பட்ட ஏறக்குறைய 19 இலட்சம் அட்டைகளையும் ஆள் அனுப்பி நேரில் சரிபார்க்கும்படி 2022 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டி வந்தது.

உறவுகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நம் வீடுகளில் எத்தனை முஹம்மத்? எத்தனை பாத்திமா? ஒரே பிள்ளையின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, பள்ளிக்கூட இடாப்பில் வேறொரு மாதிரி. தமிழில் எழுதியதைச் சிங்களத்தில் எழுதி, அதை ஆங்கிலத்தில் எழுதும்போது "ஃபா" "பா" ஆகிறது, "ஸா" "சா" ஆகிறது. இது நம் பிழை அல்ல. மூன்று எழுத்து முறையில் ஆட்சி செய்கிற நாட்டின் பிழை.

அதோடு 1990 ஒக்டோபர் 30. ஒலிபெருக்கியில் அறிவித்து, மைதானத்துக்குக் கூப்பிட்டு, இரண்டு மணிநேரத்தில் வெளியேறு என்றார்கள் புலிகள். போனவர்கள் புத்தளத்தில் கொட்டிலில் இருந்தார்கள். இருபது வருடம் கழித்துத் திரும்பி வந்தவர்களில் பலருக்கு வாக்காளர் பதிவு ஓரிடம், காணி உறுதி இன்னோரிடம், பிள்ளையின் பள்ளிக்கூடம் வேறிடம். தகப்பன் யாழ்ப்பாணத்தில் இரும்பு யாவாரம், தாய் புத்தளத்தில் பிள்ளைகளோடு. இந்த வாழ்க்கையை இயந்திரத்தின் முன் வைத்தால் அது என்ன சொல்லும்? "இரண்டு விலாசம், சந்தேகத்துக்குரியது." மனிதன் கேட்டால் ஒரு கதை இருக்கிறது. இயந்திரத்தின் கண்ணுக்கு ஒரு முரண்பாடுதான் தெரியும். வீட்டுத்திட்டத்துக்கும் காணிக்கும் நம் ஆட்கள் எத்தனை தடவை "நீங்கள் இங்கே நிரந்தர வதிவாளர் இல்லையே" என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள்! அந்தத் திருப்பி அனுப்புதலைப் பழைய பதிவேடுகளிலிருந்து ஓர் இயந்திரம் கற்றுக்கொண்டால், அநியாயம் விதியாகிவிடும். அதற்குப் பிறகு யாரோடும் வாதாட முடியாது.

ஒரு மனிதனை ஒரு மனிதனாகப் பார்க்காமல், ஒரு வகையாக எண்ணி முடிவெடுத்தால் என்ன நடக்கும் என்று நமக்கு யாரும் கருத்தரங்கு வைக்கத் தேவையில்லை. கடலில் கொல்லப்பட்ட மீனவர்களைப் புதைத்த குருநகருக்கும் அது தெரியும்.

*

"மனித அதிகாரி மட்டும் நியாயமா? அவர் சாதி பார்ப்பார், சமயம் பார்ப்பார், தெரிந்தவனுக்குச் செய்வார், இலஞ்சம் வாங்குவார். இயந்திரத்துக்குச் சமயம் இல்லையே?" என்று நம் படித்த இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நழுவ மாட்டோம்.

மனித அதிகாரி அநியாயம் செய்தவர்தான். ஆனால் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. மேசை இருந்தது. மேலதிகாரி இருந்தார். நம் உம்மாமார் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்று அழுதார்கள், கத்தினார்கள், சிலசமயம் வென்றார்கள். இயந்திரமோ அதே அதிகாரிகளின் பழைய முடிவுகளைப் பார்த்துத்தான் பாடம் படிக்கிறது. பாரபட்சம் அப்படியே இருக்கும், பாரபட்சக்காரனின் முகம் மட்டும் மறைந்துவிடும். அநியாயத்துக்கு எண் வடிவம் கிடைத்துவிட்டால் அது நியாயம் போலத் தோற்றமளிக்கும். அதுதான் ஆபத்து.

நாங்கள் இயந்திரத்தின் எதிரிகள் அல்ல. பாடக் குறிப்பு எழுத, வினாத்தாள் தயாரிக்க ஆசிரியர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். கண் தெரியாத பிள்ளைக்கு அது புத்தகத்தை வாசித்துக் காட்டுகிறது. சிங்களத்தில் மட்டும் வந்த சுற்றறிக்கையைத் தமிழில் விளங்கிக்கொள்ள உதவுகிறது. சின்னக் கடைக்காரர் தன் விளம்பரத்தைத் தானே செய்கிறார். இதெல்லாம் நல்லது. இங்கே எல்லாம் கடைசி முடிவு மனிதன் கையில் இருக்கிறது, பிழைத்தால் திருத்தலாம். வித்தியாசம் அதுதான். உதவிக்கு வைத்தால் வேலைக்காரன். தீர்ப்புக்கு வைத்தால் எசமான்.

யாவாரத்திலும் இதே அளவுகோல்தான். கனடாவில் ஒரு வழக்கு. எயார் கனடா நிறுவனத்தின் இணையத்தளத்தில் கேள்விக்குப் பதில் சொல்லும் இயந்திரம் ஒரு பயணிக்குக் கட்டணச் சலுகை பற்றிப் பிழையான தகவல் சொன்னது. அவர் பாட்டி இறந்த நேரம் அது. நம்பி டிக்கட் வாங்கினார். பிறகு பணத்தைக் கேட்டபோது, அந்த இயந்திரம் சொன்னதற்கு அதுவே பொறுப்பு என்ற மாதிரி நிறுவனம் வாதாடியது! 2024 பெப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. உன் தளத்தில் இருக்கிறது என்றால் அது உன் வார்த்தை, பணத்தைக் கொடு என்றது. தொகை சிறியது. ஆனால் தீர்ப்பு பெரியது. கடையில் வேலைக்கு நிற்கிற பெடியன் பிழையான விலை சொன்னால் முதலாளிதான் பொறுப்பு. இது நம் சந்தையில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். இயந்திரப் பெடியனுக்கு மட்டும் ஏன் விதிவிலக்கு?

ஆகவே நம் கடைக்காரச் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. இல்லாத துணியை இயந்திரத்தால் படம் கீறி, அது கையில் இருப்பதுபோல முகநூலில் போட்டு முற்பணம் வாங்குவது யாவாரம் அல்ல, மோசடி. இல்லாத வாடிக்கையாளர் பெயரில் புகழ்ந்து எழுத வைப்பதும் அதுதான். நிறுவையில் குறைப்பவர்களைப் பற்றி நம் மார்க்கம் என்ன சொல்கிறது என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. தராசு மாறியிருக்கிறது. பாவம் மாறவில்லை. போன் செயலியில் ஐந்து நிமிடத்தில் கடன் தருகிறவர்களும், நுண்கடன் கம்பனிகளும் இதையே கேட்கட்டும். எங்கள் பெண்களின் போன் இலக்கங்களையும் படங்களையும் அள்ளிக்கொண்டு, எதை வைத்துக் கடன் தகுதி கணக்கிடுகிறீர்கள் என்று சொல்லாமல் இருப்பது யாவார இரகசியம் அல்ல. திருட்டு.

*

கம்பனியையும் அரசையும் மட்டும் திட்டிவிட்டு முடித்தால் கைதட்டு நிறையக் கிடைக்கும். அது போதாது. நம் ஊர்க் குழுக்களுக்குள்ளும் கொஞ்சம் பார்ப்போம்.

2023 நவம்பர் 27 இல் பிரபாகரனின் மகள் துவாரகா பேசுகிறார் என்று ஒரு வீடியோ உலகம் முழுக்க ஓடியது. அது செயற்கை நுண்ணறிவா, ஆள்மாறாட்டமா என்று யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகள் இரண்டாகப் பிரிந்து வாதாடின. அடுத்த ஜனவரியில் தமிழ்நாட்டில், 2018 இல் மறைந்த கலைஞர் கருணாநிதி திரையில் தோன்றி விழாவுக்கு வாழ்த்துச் சொன்னார். இறந்தவர்களுக்கு வாய் வைத்துப் பேசவைக்க முடிகிற காலம் இது. அரசியலில் நடப்பது நாளை ஊருக்குள் நடக்கும். ஒரு மௌலவியின் குரலில் கத்தோலிக்கரைப் பற்றி ஒரு கேவலமான பேச்சு. அல்லது ஒரு பங்குத் தந்தையின் குரலில் முஸ்லிம்களைப் பற்றி. பொய்யான ஒலிப்பதிவு செய்ய இன்று காசும் தேவையில்லை, படிப்பும் தேவையில்லை. குருநகருக்கும் சோனகதெருவுக்கும் இடையில் நடந்து போகிற தூரம்தான். அந்தத் தூரத்தை நாம் பல வருடம் பாடுபட்டுக் குறைத்திருக்கிறோம். ஒரு வெள்ளிக்கிழமைப் பின்னேரம் அதைக் கூட்டிவிட ஒரு நிமிட ஒலிப்பதிவு போதும்.

ஒரு செய்தி வந்தால் தீர விசாரித்துக்கொள்ளுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்தாதீர்கள் என்ற கருத்தை சூரா ஹுஜுராத்தின் ஆறாவது வசனம் நமக்குப் போதிக்கிறது. குத்பாவில் கேட்டுத் தலையாட்டிவிட்டு, செருப்பைப் போடுவதற்குள் மூன்று பேருக்குப் பகிர்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். "வந்தது, அனுப்பினேன்" என்பது சாட்டு. அதுவும் "கணினிதான் முடிவு செய்தது" என்பதற்குத் தம்பி முறை.

இன்னொன்று, மிக முக்கியமானது. பெண்பிள்ளைகளின் சாதாரணப் படத்தை எடுத்து ஆபாசமாக மாற்றுகிற செயலிகள் பிள்ளைகள் கைகளில் வந்துவிட்டன. அப்படி ஒன்று நடந்தால் நம் வீடுகள் முதலில் என்ன செய்யும்? பிள்ளையின் போனைப் பறிக்கும். ரியூஷனை நிறுத்தும். சிலசமயம் படிப்பையே நிறுத்தும். குற்றம் செய்தவன் அடுத்த நாள் வழமைபோல கிரிக்கெட் விளையாடுவான். பெற்றோரே, தண்டனையை இடம் மாற்றாதீர்கள். பிள்ளையை நம்புங்கள், பொலிஸுக்குப் போங்கள், பாடசாலைக்குச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை அடுத்த நாளும் வகுப்பில் இருக்க வேண்டும்.

*

இனி என்ன செய்வது? ஆண்டவனிடம் துஆ கேட்போம், ஒட்டகத்தையும் கட்டுவோம்.

ஒன்று. அஸ்வெசும, வீட்டுத்திட்டம், கடன், எதுவானாலும் "கணினி நிராகரித்தது" என்ற பதிலை வாய்மொழியாக வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள். என்ன காரணம், எந்தத் தகவல், எந்த அதிகாரி என்று எழுத்தில், தமிழில் கேளுங்கள். 1987 இன் 13 ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா இல்லையா என்று முடிவைச் சொல்ல வேண்டும். கடிதம் எழுதத் தெரியாதவர்களுக்கு நாங்கள் எழுதித் தருவோம். ஆசிரியர்கள் எதற்கு இருக்கிறோம்?

இரண்டு. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இல் நிறைவேறியது. இயந்திரம் மட்டும் எடுத்த முடிவை மீளாய்வு செய்யக் கேட்கும் உரிமை அதில் இருக்கிறது. ஆனால் சட்டத்தின் முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வருவதைத் தள்ளிப்போட்டார்கள். டிஜிட்டல் அடையாள அட்டைக்கு நம் விரல் அடையாளத்தையும் முகத்தையும் எடுப்பதில் காட்டுகிற அவசரத்தை, அந்தத் தரவைக் காப்பாற்றும் சட்டத்தில் ஏன் காட்டவில்லை என்று நம் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கேளுங்கள். வாக்குக் கேட்டு வரும்போது வாசலில் வைத்துக் கேளுங்கள்.

மூன்று. பள்ளிவாசல் நிர்வாகமும் ஆலய பங்குச் சபையும் இரண்டு இரண்டு பேரைத் தெரிவு செய்யட்டும். சந்தேகமான வீடியோ, ஒலிப்பதிவு வந்தால் முதலில் அந்த நால்வரும் ஒருவருக்கொருவர் போன் எடுத்துப் பேசட்டும். "இது உங்கள் மௌலவியா?" "இது உங்கள் பாதரா?" ஒரு நிமிட அழைப்பு. அந்த ஒரு நிமிடம் திகனவில் இருந்திருந்தால்!

நான்கு. 1990 இன் காரணமாக இரண்டு மாவட்டப் பதிவு உள்ள குடும்பங்கள், பெயர் எழுத்து மாறியுள்ள குடும்பங்கள், இப்போதே உங்கள் ஆவணங்களை ஒப்பிட்டு ஒரு பட்டியல் தயாரியுங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி, வாக்காளர் பதிவு. திருத்த வேண்டியதைத் திருத்த ஜமாஅத் உதவட்டும். எல்லாப் பதிவேடுகளையும் ஒன்றாக இணைக்கிற நாள் வந்த பிறகு ஓடித் திரிய வேண்டாம்.

ஐந்து. ஊரில் யாராவது "பொறுப்பான செயற்கை நுண்ணறிவு" என்று கூட்டம் வைத்தால் போங்கள். தேநீர் குடியுங்கள். கடைசியில் எழுந்து ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் இயந்திரம் எனக்குப் பிழை செய்தால், நான் எந்தக் கதவைத் தட்ட வேண்டும்? அந்தக் கதவைத் திறக்கிற மனிதரின் பெயர் என்ன? அவருக்குத் தமிழ் தெரியுமா?"

பதில் சொல்ல முடிந்தால் அது பொறுப்பு. முடியாவிட்டால் அது வெறும் பதாகை.

கருத்துகளை எழுதுங்கள். உங்களுக்கு இப்படி "கணினி" பதில் கிடைத்திருந்தால் உள்பெட்டியில் அனுப்புங்கள், பெயர் போட மாட்டோம். மேன்முறையீட்டுக் கடிதங்கள் எழுத சனிக்கிழமை பின்னேரங்களில் சேர்ந்து உட்காருவோம், இன்ஷா அல்லாஹ். எந்தச் சமயத்தவரும் வரலாம்.

வஸ்ஸலாம்.